சேப்பல் சரிவில் பழுத்த களைப்பு

ஸ்ட்ராபெரி வைக்கப் போகிறேன், எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டுக்கொண்டு யார் என் வீட்டு கேட்டைத் திறந்தாலும் நான் முதலில் மண்ணைப் பற்றிப் பேசுவதில்லை, வெயிலைப் பற்றிப் பேசுவதில்லை, உங்களுக்குக் களைப்பு இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்ல யோசிக்கிறவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறேன், பதிலே சொல்லாமல் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு மட்டும் கொடி நறுக்கிக் கொடுக்கிறேன்.

கோத்தகிரியில் சேப்பல் சரிவு என்று ஒன்று இருக்கிறது. தெரு என்று சொன்னால் சமவெளிக்காரர்கள் அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி எதையோ நினைத்துக்கொள்வார்கள். இது படிக்கட்டுகளால் ஆன தெரு, என் வீட்டுக் கொல்லையும் மும்தாஜ் வீட்டுத் தகரக் கூரையும் ஒரே மட்டம், அவள் முற்றமும் அதற்குக் கீழ்வீட்டு ஓடும் ஒரே மட்டம், அதனால் யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் மீன் வறுக்கிறார்கள், யார் வீட்டில் சண்டை முடிந்து சமாதானத்துக்கு மீன் வறுக்கிறார்கள் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வியாதியும் உண்டு, அதன் பெயர் மே மாதம். கீழே தார் உருகத் தொடங்கியதும், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மறந்த சொந்தங்கள்கூட "சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு" என்று பெட்டியோடு வந்து இறங்கும். ரத்தத்தால் வருகிற உறவு கொஞ்சம்தான். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் குடியிருக்கிறோம் என்பதால் வருகிற உறவுதான் அதிகம்.

என் கணவர் தயாளனுக்குச் சொந்த ஊர் திருப்பூர். தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு வேலை என்று. "வரட்டுமே வத்சலா, அங்க வெந்துபோறாங்க பாவம்" என்பார். வருவார்கள். கூடம் முழுக்கப் பாய் விரியும், பாத்ரூம் வாசலில் வரிசை நிற்கும், நான் வெந்நீர் போட்டுக்கொண்டே இட்லி ஊற்றி, இட்லி ஊற்றிக்கொண்டே மதியத்துக்கு அரிசி களைந்து, அவர்கள் கோடநாடு காட்சிமுனை பார்த்துவிட்டு நடுங்கிக்கொண்டு வரும்போது சூடாக பஜ்ஜி போட்டு வைத்திருப்பேன். அந்தக் காட்சிமுனையை நான் கடைசியாகப் பார்த்தது கல்யாணமான புதிதில். இப்போதும் அங்கேதான் இருக்கிறது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

கான்வென்ட் ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்த ஜெனோவா தூத்துக்குடியில் கடல் தெரியும் மாடி வீட்டில் இருக்கிறாள். வருஷா வருஷம் போன் செய்வாள். "ஏட்டி, இந்த மேயாவது வா. ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டிரு." அடுத்த மே, என்பேன். அப்படி அடுத்த மே அடுத்த மே என்று முடி நரைத்துவிட்டது. போன வருஷம் கடைசி விருந்தாளியின் வண்டி வளைவில் மறைந்ததும், ஈரப் பாய்களைச் சுவரில் போட்டுக்கொண்டே முடிவு செய்தேன்: வருகிற மே மாதம் நான் விருந்தாளி. இன்னொருத்தி கையால் என் தட்டில் சோறு விழ வேண்டும், நான் "போதும் போதும்" என்று பொய் சொல்லிக்கொண்டே சாப்பிட வேண்டும். வேறு ஆசை இல்லை.

இதை அவரிடம் சொன்னேன்.

"தாராளமா போ, யாரு வேண்டாம்னா? அவங்க கிளம்பினதும் போ."

"அவங்க கிளம்பும்போது ஜூன் வந்துடும். மழை பிடிச்சுக்கும்."

"கடல்ல மழை பெஞ்சா என்ன? அதுவும் தண்ணிதானே."

நல்ல மனிதர் என்றேனே.

புரட்டாசி மழை கொஞ்சம் ஓய்ந்த நாளில் மேல்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் பள்ளிக்கூடத் தோட்டத்திலிருந்து ஸ்ட்ராபெரி நாற்றுகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் கல் அடுக்கிப் பாத்தியை உயர்த்தி, மக்கிய சாணமும் ஆற்று மணலும் கலந்து வைத்திருந்தேன், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்று முன்பே எச்சரித்திருந்தார்.

"குருத்தை மண்ணுக்குள்ள புதைச்சிடாதீங்க வத்சலா, அழுகிடும். ரொம்ப வெளியவும் விடாதீங்க, காஞ்சிடும்."

"அப்ப எப்படித்தான் வைக்கிறது?"

"கழுத்து மட்டும் வெளிய தெரியணும். மூச்சு விடற அளவுக்கு."

"புரியுது. குடும்பத்துல பொம்பளைய வச்சிருக்கிற மாதிரி."

டீச்சர் சிரிக்கவில்லை, அவர் வீட்டிலும் அதே குடும்பம்தான். காலை வெயில் படட்டும், மதிய வெயில் வேண்டாம், பழம் மண்ணைத் தொடாமல் இருக்கக் காய்ந்த புல்லைச் செடிக்கடியில் பரப்புங்கள், நத்தைக்கு முட்டை ஓடு, கொண்டைக்குருவிக்குப் பழைய கொசுவலை என்று எல்லாம் சொல்லி, போகும்போது திரும்பி, "முதல்ல வர்ற பூவையெல்லாம் கிள்ளிப் போட்டுடணும், செடி முதல்ல தன்னைத் தேத்திக்கணும், அப்புறம்தான் ஊருக்குப் பழம்" என்றார். மற்ற எல்லாவற்றையும் செய்தேன். பூவைக் கிள்ளவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது, பால் பொங்குவதற்கு முன்பே அடுப்பை அணைக்கிறவள் நான்.

மார்கழியில் ஒரு காலை, பனி இன்னும் புல்லில் உப்பு மாதிரிக் கிடக்கும்போது, எல்லோருக்கும் எல்லாம் கொடுத்து முடித்து, ஆறிப்போன என் காபியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தேன். எங்கள் கான்வென்ட்டில் முதுகு நாற்காலியில் பட்டால் ஸ்கேலால் அடி விழும். அதனால் எனக்கு உட்காரத் தெரியும், சாயத் தெரியாது. அன்றைக்கு என்னவோ சுவரில் சாய்ந்துவிட்டேன். சாய்ந்து, "அப்பாடா" என்றேன். செடிகள் அத்தனையும், பக்கத்து வீட்டு ரகசியம் கேட்கிறவர்கள் மாதிரி, என் பக்கம் தலையைச் சாய்த்தன. கெண்டைக்காலில் இருந்தது இறங்கியது, இடுப்பில் இருந்தது இறங்கியது, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், சொல்லாமல் விழுங்கிய பதில்களெல்லாம் உறைந்து கிடக்கும் அந்த இடத்தில் இருந்ததும் இறங்கியது, எல்லாம் உள்ளங்கால் வழியாக மண்ணுக்குள் போய்ச் சேர்ந்தது. நான் எழுந்தபோது பலகாரம் வெந்து மேலே மிதக்கிற மாதிரி எழுந்தேன். மறுநாள் பாத்தி முழுக்க வெள்ளைப் பூ.

எனக்கு ஒன்றும் ஆச்சரியமாக இல்லை. துணி காய்ந்தால் ஈரம் எங்கே போகிறது என்று யாராவது கேட்கிறார்களா? களைப்பும் எங்கேயாவது போகத்தானே வேண்டும்.

அது எங்கே போனது என்பதை முதலில் ருசி பார்த்தவர் ஸ்டெல்லா டீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போகிற வழியில் வேலியோரம் நின்று ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டவர், மென்று விழுங்கியதும் குடையை ஊன்றி மெதுவாகப் படியில் உட்கார்ந்தார்.

"வத்சலா, நேத்து உங்க வீட்டுக்காரர் குழம்பு வேண்டாம்னு சொல்லி, அதுக்கப்புறம் தனியா ரசம் வச்சீங்களா?"

"வச்சேன். ஏன்?"

"மொளகு அரைச்ச கை எனக்கு வலிக்குது. இடுப்பு வேற கழண்டு போச்சு. இதோடயா நீங்க தினமும் நடமாடறீங்க?"

அன்று முழுக்க அவர் என் கட்டிலில் தூங்கினார். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் ஆனந்தமாக இருந்தார்கள் என்று கேள்வி.

சேப்பல் சரிவில் எந்தச் செய்தியும் தண்ணீர் மாதிரிக் கீழ்நோக்கி ஓடும். மாலைக்குள் மும்தாஜ் படியேறி வந்துவிட்டாள். "அக்கா, எனக்கும் ஒரு கொடி." ஸ்ட்ராபெரிச் செடி தானாகவே கொடி விடும், கொடியின் நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் குட்டிச் செடி வேர் பிடிக்கும், அதை நறுக்கிக் கொடுத்தால் போதும், அப்படி என் பாத்தியிலிருந்து மும்தாஜுக்கு, மும்தாஜிடமிருந்து கீழ்வீட்டுக்கு என்று உடைந்த பக்கெட்டிலும் ஓட்டைக் குக்கரிலும் பெயின்ட் டப்பாவிலும் செடி இறங்கிக்கொண்டே போனது. காலை வேலை முடிந்த நேரத்தில் எட்டிப் பார்த்தால் படிக்குப் படி ஒருத்தி டப்பாவுக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், யாரும் யாரோடும் பேசுவதில்லை, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வீடாக "அப்பாடா" இறங்கிக்கொண்டிருக்கும். மும்தாஜின் வீட்டுக்காரர் கபீர் மினிபஸ் ஓட்டுகிறவர். அவள் டப்பாவில் பழுத்த ஒன்றைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு ஸ்டாண்டில் வண்டியை எடுக்க முடியாமல் ஸ்டீயரிங்கில் தலை வைத்துவிட்டாராம், சவுதியில் இருக்கும் மகனுடைய போன், அடிக்காத போன், காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்ததாம். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை அவராகவே கழுவினார். கண்ணாடித் தம்ளரை உடைத்தார், ஆனாலும் கழுவினார்.

அதற்கப்புறம் ஊர் தன் வழக்கப்படி அதற்குச் சட்டதிட்டம் செய்துகொண்டது. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஓட்டுவதற்கு முன்னால் சாப்பிடக் கூடாது. குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அவரவர் பழத்தை அவரவர் சாப்பிடக் கூடாது, இறக்கி வைத்தது வட்டியோடு திரும்பி ஏறும். டப்பாவில் பெயர் எழுத வேண்டும். இது எப்படி வந்ததென்றால், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் யார் டப்பா என்று பார்க்காமல் பிள்ளை பெற்ற ஒரு பச்சை உடம்புக்காரியின் பழத்தைத் தின்றுவிட்டு, தலையணையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே பொழுது சாயும்வரை படிக்கட்டில் ஏறி இறங்கினார், கீழே வைத்தால் அழுமோ என்று பயந்து அதைக் கடைசிவரை இறக்கவே இல்லை.

தவக்காலம் வந்தது. ஃபாதர் பிரசங்கத்தில், கறியையும் மீனையும் விடுவது பெரிய தவம் இல்லை, ஆண்கள் அவரவர் வீட்டுப் பழத்தில் ஒன்றைச் சாப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் சரிவில் ஆண்களுக்கு இல்லாத நோயில்லை. ஒருவருக்குப் பல் கூசியது, ஒருவருக்குச் சிவப்பு நிறம் ஆகவில்லை, ஒருவருக்குச் சர்க்கரை; ஒரு பழத்தில் அப்படி என்ன சர்க்கரை, சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதும் டாக்டரை மாற்றினார்கள். தயாளனுக்கு நோய் எதுவும் வரவில்லை, அவருக்கு விருந்தோம்பல் இருந்தது. "வர்றவங்களுக்கு இருக்கட்டும் வத்சலா. நமக்கென்ன, எப்ப வேணா சாப்பிட்டுக்கலாம்."

அந்த வார்த்தையில்தான் எனக்கு யோசனை வந்தது. வரட்டும். வந்து இறங்கியதும் கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்கிறேன், இத்தனை வருஷத்து மே மாதத்தையும் ஒரே நாளில் சாப்பிடட்டும், சாப்பிட்டால் உறைக்கும், உறைத்தால் கிளம்புவார்கள், அவர்கள் திருப்பூர் போய்ச் சேரும்போது நான் தூத்துக்குடியில் இருப்பேன். அன்றிலிருந்து தினமும் பாத்தியோரம் உட்கார்ந்து புதிய களைப்பு, பழைய களைப்பு, நானே மறந்துபோன களைப்பு எல்லாவற்றையும் இறக்கினேன். பழங்கள் நாட்டுத் தக்காளி அளவுக்கு உருண்டு கறுஞ்சிவப்பாகின. எறும்புகள் அவற்றைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின.

சொன்ன நாளில் வேன் வந்தது. அவருடைய அண்ணன், அண்ணி, மீசை முளைத்த பிள்ளைகள், ஒரு சித்தப்பா, சித்தப்பாவின் சம்பந்தி, எல்லோருக்கும் பின்னால் தங்கை மனோன்மணி. பனியன் கம்பெனிக்காரர் வீட்டு மருமகள், கை நிறைய வளையல். வேனிலிருந்து இறங்கி நேராக வராந்தா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் மே முடியும்வரை எழுந்திருக்க மாட்டாள், "அண்ணி, ஒரு காப்பி கெடைக்குங்களா" என்பாள், அவ்வளவுதான் அவளுக்கும் எனக்கும் பேச்சு. மற்றவர்கள் மேல் எனக்கிருந்தது சலிப்பு. அவள் மேல் இருந்தது கோபம்.

பழத்தில் பாலாடை போட்டுக் கொடுத்தேன். ருசித்துச் சாப்பிட்டார்கள். சித்தப்பா கிண்ணத்தை நக்கினார். நான் வேன் டிரைவரிடம், கொஞ்சம் இருங்க, இப்ப திரும்பிப் போகணும் என்று சொல்லிவிட்டு, என் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன்.

யாரும் கிளம்பவில்லை. அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ பண்ணுது தயாளா, காலெல்லாம் உளையுது" என்று சரிந்தார். பிள்ளைகள் கையில் போனைப் பிடித்தபடியே மல்லாந்தார்கள். சம்பந்தி, "இன்னும் எத்தனை தோசை ஊத்தணும், இன்னும் எத்தனை" என்று முனகிக்கொண்டே ஷூவோடு பாயில் விழுந்தார். கூடம் முழுக்க என் மே மாதங்கள் குறட்டை விட்டன. களைத்தவர்கள் கிளம்ப மாட்டார்கள், படுப்பார்கள். காலமெல்லாம் களைத்திருந்தும் இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், நான் படுத்ததே இல்லை.

வேனைத் திருப்பி அனுப்பினேன். கஞ்சி காய்ச்சினேன். அண்ணனைத் தூக்கி உட்காரவைத்துப் புகட்டினால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "பாவம் நீ" என்று அழுதுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். பாவம் என்று சொல்வதற்கு ஆள் கிடைத்தார்கள், எழுந்து தம்ளரைக் கொண்டுபோய் வைப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. மும்தாஜ் படியேறி வந்து சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மொத்தத்தையுமா கொடுத்தீங்க அக்கா? முகூர்த்தம் முடிஞ்ச மண்டபம் மாதிரி இருக்கே" என்றாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. மே போய்க்கொண்டிருந்தது. ஜெனோவா போன் செய்தபோது நான் எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது வளையல் சத்தம் கேட்டுத் திரும்பினால், அடுப்படி வாசலில் மனோன்மணி நின்றாள். அவள் என் அடுப்படியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையில் காலிக் கிண்ணம்.

"இன்னும் இருக்குதுங்களா அண்ணி? நல்லா இனிச்சுக் கெடக்குது."

"நீ சாப்பிட்டியா?"

"வந்தன்னிக்கே சாப்ட்டனுங்க. அப்பறம் எல்லாரும் மிச்சம் வெச்சதையும் நாந்தான் சாப்ட்டேன். ஏனுங்க, இவுங்கெல்லாம் ஏன் இப்படி விழுந்து கெடக்குறாங்க?"

"உனக்கு ஒண்ணும் ஆகலையா?"

"எனக்கு என்னாகுதுங்க? எப்பவும் இருக்கிற மாதிரித்தான் இருக்குது."

கத்தி கையிலேயே நின்றது. அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அத்தனை மே மாதங்களாக நான் பார்த்ததெல்லாம் வளையலைத்தான்.

"காலைல எந்திரிச்சா கால் ரெண்டும் கல்லுங்க," என்றாள், யாரோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது போல. "மாமனாரத் திருப்பிப் படுக்க வெக்கோணும், மாமியாளுக்குத் தனியா உப்பில்லாமச் செய்யோணும், கம்பெனிக்குப் பதினோரு மணி டீ நம்ம ஊட்டுல இருந்துதான் போகுது. நான் இங்க வந்து அந்தச் சேர்ல உக்காந்தா எந்திரிக்காததுக்கு நீங்க மனசுல என்ன நெனைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா அண்ணி? பதினோரு மாசம் நின்னுட்டு வர்றேனுங்க."

நான் அடுப்பை அணைத்தேன். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது.

"தூத்துக்குடி போலாமா?" என்றேன்.

"கடலுங்களா?"

"கடல்தான்."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்களே."

"யாரு நீந்தப் போறா? உக்காரத்தான்."

பாத்தியிலிருந்து ஒரு குட்டிச் செடியை நறுக்கி, வேரை ஈரத் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். ஒருவர் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. நாங்கள் இருவரும் பெட்டியோடு படியிறங்கும்போது தயாளன் ஓடிவந்தார். "இது என்ன வத்சலா, இவங்க எல்லாம் இப்படிக் கிடக்கிறப்ப நீ போயிட்டா யாரு பாக்கிறது?"

வழியோரச் செடியில் மிஞ்சியிருந்த கடைசிப் பழத்தை மனோன்மணி பறித்தாள். "அண்ணா, வாயத் தெற." விருந்தாளி கொடுத்ததை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. திறந்தார்.

மென்றார். விழுங்கினார். கேட்டைப் பிடித்தார், பிறகு கேட்டோடு சேர்ந்து இறங்கிப் படியில் உட்கார்ந்தார். என்னை அண்ணாந்து பார்த்தார்.

"எந்திரிக்கணும்னுதான் நினைக்கிறேன். முடியல வத்சலா."

"அதேதாங்க. நான் எந்திரிச்சிடுவேன், அதான் வித்தியாசம்."

இரண்டு பேரும் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கினோம். பஸ் மேட்டுப்பாளையம் தாண்டும்போது போன் வந்தது. "உப்பு எங்க இருக்கு?" என்றார், குரல் பாதாளத்திலிருந்து வந்தது. தேடுங்க, என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தேன். மனோன்மணி அதற்குள் என் தோளில் தூங்கிவிட்டிருந்தாள்.

தூத்துக்குடியில் வெயில் கதவைத் தட்டாமலே உள்ளே வருகிற ஊர்க்காரன் மாதிரி. ஜெனோவா கதவைத் திறந்தாள். "வாட்டி, வாட்டி! வந்துட்டியா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வருஷா வருஷம் என் கேட்டருகே நின்று நான் சிரிப்பது அதுதான். உதடு விரியும், கண் மட்டும் திரும்பி அடுப்படிக்குள் போய் இன்னும் எத்தனை ஆழாக்கு போட வேண்டும் என்று அளக்கும். நைட்டியில் மாவுக் கறை, கழுத்தில் வியர்வை, கொஞ்சம் முன்னால்தான் வேறு யாரையோ வழியனுப்பியிருந்தாள் போலிருக்கிறது, சுவரோரம் பாய்கள் சுருட்டி நின்றன. சாப்பிட உட்காரவைத்தாள். என் தட்டில் அவள் கையால் சோறு விழுந்தது. "போதும், போதும்" என்றேன். பொய் சொல்லவில்லை.

சாப்பிட்டதும் நானே மாடிக்குப் போனேன். கடல் இருந்தது. நாற்காலி ஒன்றுகூட இல்லை.

"நீ இங்க உக்கார்றதே இல்லையா?"

"எங்கட்டி நேரம்?" என்றாள் ஜெனோவா. "துணி போட வருவேன், எடுக்க வருவேன்."

மனோன்மணி கீழேயிருந்து ஒரு விளிம்புடைந்த பக்கெட்டைத் தூக்கி வந்தாள். தொட்டிகளிலிருந்து மண் அள்ளி நிரப்பி, குட்டிச் செடியைக் கழுத்து மட்டத்துக்கு நட்டு, மாடிப்படி அறையின் நிழல் விழுகிற பக்கம் வைத்தேன். இந்த வெயிலுக்கு ஸ்ட்ராபெரியா, நாளைக்கே கருகிடும், என்றாள் ஜெனோவா. யாரும் அப்படித்தான் சொல்வார்கள். தண்ணீர் தேங்க விடாதே, அடியில் புல் போடு, முதலில் வருகிற பூக்களைக் கிள்ளிப் போட்டுவிடு, எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை, நீயாவது கிள்ளு, செடி தன்னைத் தேற்றிக்கொள்ளட்டும், யாருக்கும் பழம் கொடுக்க அவசரமில்லை என்று சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"இப்ப இது பக்கத்துல உக்காரு."

தன் வீட்டுத் தரையில், அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்காருவது போல ஓரமாக உட்கார்ந்தாள். முதுகு விறைப்பாக நின்றது. ஒரே ஸ்கேல்தானே எங்கள் இருவருக்கும்.

"சாய்," என்றேன்.

கீழே யாரோ "அம்மா" என்று கூப்பிட்டார்கள். அவள் எழப் போனாள். மனோன்மணி வளையல் கையை அவள் முழங்காலில் வைத்து, "கூப்புடட்டுமுங்க" என்றாள். மறுபடியும் கூப்பிட்டார்கள். ஜெனோவா மெதுவாகக் கைப்பிடிச் சுவரில் முதுகை வைத்தாள், கடலைப் பார்த்தாள், பிறகு அதையும் பார்க்காமல் கண்ணை மூடினாள். வெகுநேரம் கழித்து "அப்பாடா" என்றாள். உப்புக் காற்றில், மண்டை பிளக்கும் அந்த வெயிலில், மூன்றே இலை விட்டிருந்த செடி அவள் பக்கமாகத் தலையைச் சாய்த்தது. அது கருகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் அதற்குத் தீனிக்குப் பஞ்சமே வராது.